வாளி நிறைய மட்டி

"ரெண்டு மணி நேரம் மணலைக் கிளறி ஏழே ஏழு மட்டிச் சிப்பியா?"

மாயெல் கணவனின் வாளியைச் சாய்த்து எல்லோருக்கும் காட்டினாள். அவள் தம்பி லொயிக் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"விடுக்கா. மச்சான் கடலே இல்லாத லியோன்காரர். மட்டி மரத்துல காய்க்கும்னு நினைச்சிருப்பார்."

எத்தியென் ஈரமான கால்சட்டை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

மாமனார் கூல்வெனின் வாளியோ நிரம்பி வழிந்தது. "பார்த்துக் கத்துக்கோ மாப்பிள்ளை," என்று தூக்கிக் காட்டினார்.

அப்பாவை நினைத்தால் மாயெலுக்கு நிம்மதிதான். பிரான்ஸின் பிரிட்டானிக் கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். போன வருஷத்திலிருந்து கண் மங்கிவிட்டது. "என்னைக்கு வாளி காலியா வருதோ, அன்னைக்கோட கடலுக்கு முழுக்கு," என்று விடுமுறையின் முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷன். கடலை விட்டுவிட்டால் நாற்காலியே கதியென்று முடங்கிப்போவார் என்று மாயெல் பயந்தாள். நல்லவேளை, நாலு நாளாக வாளி நிறைகிறது.

எரிச்சலெல்லாம் கணவன் மேல்தான். காலையில் ரொட்டி வாங்கக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வர ஒரு மணி நேரம். கடையோ கூப்பிடு தூரம். கடற்கரைக்கு வந்தால் அப்பாவுக்கு முன்னாலேயே நடந்து, மணலை மிதித்துக் கெடுக்கிறான்.

"ஆபீஸ் போனோட கார்லயே உக்காந்திருக்க, அதானே?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"இல்ல."

"அப்ப ஒரு மணி நேரமா என்ன ரொட்டி?"

"நல்லா வேகட்டும்னு நின்னேன்."

இப்படிச் சொல்கிறவனிடம் என்ன பேசுவது? கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பார்த்தால் வெண்ணெய் இல்லை. மாயெலே சந்தைக்குப் போனாள். மீன் கடைக்காரம்மாவுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"வீட்ல தினமும் விருந்து போல. இப்பதான் உங்க வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போறார்."

"என்னத்தை?"

"மட்டிதான், வேறென்ன? உயிரோட இருக்கணுமாம், பெருசா இருக்கணுமாம். ஒவ்வொண்ணையும் அளவு வெச்சுப் பார்த்துத்தான் எடுக்கிறார். தங்கமான மனுஷன், ஆனா உயிரை வாங்கிடறார்."

வெண்ணெயை மறந்து மாயெல் நேரே கடற்கரைக்கு நடந்தாள்.

கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. அப்பா குனிந்து, மணலை விரலால் துழாவியபடி வந்தார். பத்தடி முன்னால் எத்தியென். பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டான். குதிகாலால் அமுக்கினான். ஒன்றும் தெரியாதவன் போல வானத்தைப் பார்த்தான். இரண்டடி தள்ளி இன்னொன்று.

நாலு நாளாக இந்த மனுஷனையா நாக்கில் நரம்பில்லாமல் பேசினோம் என்று மாயெலுக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் நல்ல வேட்டையாப்பா?"

கூல்வென் ஒரு மட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"சில்லுனு இருக்கு."

"இப்ப மணலைத் தொடு."

தொட்டாள். காலை வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது.

"இந்த மணலுக்குள்ள கிடந்த மட்டி ஐஸ் பெட்டியிலேருந்து வந்த மாதிரியா இருக்கும்? எனக்குக் கண்ணுதான் போச்சு, விரல் போகலையே."

மாயெல் திகைத்துப்போனாள். "எத்தனை நாளாப்பா தெரியும்?"

"முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் தினமும் வர்றீங்க? விட்டுடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கூல்வென் மருமகன் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கடலை விடறது எனக்குப் பெரிய விஷயமில்லம்மா. நான் வரலைன்னா அவன் மனசு ஒடைஞ்சு போயிடுவான்."