அப்பாவின் துப்புரவு

"இன்னிக்கு மட்டும் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க. கொஞ்ச நேரத்துல அதுலதான் நம்ம பொண்ணுக்கு இண்டர்வியூ," என்று சொல்லிவிட்டு மனைவி குளிக்கப் போனாள்.

தொடாதே என்று சொன்னால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அதை அப்டேட் செய்வதும், வேண்டாத புரோகிராம்களைத் துடைப்பதும் ரிட்டயர் ஆன நாளிலிருந்து அவர் இலாகா. மகளுக்கு இதிலெல்லாம் அக்கறையே கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அலுத்துக்கொள்வார்.

எது வேண்டாதது என்று கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த முறை எளிது. பெயர் புரியவில்லையென்றால் குப்பை. ஆரம்பத்தில் ஒருமுறை திரையே இருண்டுபோய், மகள் நாளெல்லாம் உட்கார்ந்து மீட்டாள். அதற்குப் பிறகு அவர் எதைத் துடைத்தாலும் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. கை பழகிவிட்டது என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

இண்டர்வியூவுக்குப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று இன்றும் உட்கார்ந்தார். வாயில் நுழையாத பெயர் ஒன்று கண்ணில் பட்டது. நீக்கச் சொன்னார். திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. அது தனியாகப் போகவில்லை, தன்னை நம்பியிருந்த புரோகிராம்களையும் கூட்டிக்கொண்டு போனது. கடைசி வரிகளை மறுபடி படித்தார். சவுண்ட் போயிருந்தது. கேமராவும்தான்.

அதற்குள் மகள் வந்து நின்றாள். "எழுந்துக்கோங்கப்பா, டைமாச்சு."

சொல்லிவிட வாயைத் திறந்தார். அவள் அவரை எழுப்பி வெளியே அனுப்பினாள். கதவு சாத்திக்கொண்டது.

வேலைக்கு அலையாய் அலைகிற பெண். அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது பெற்ற அப்பன். தெரிந்த வசவையெல்லாம் தனக்கே வழங்கிக்கொண்டு கதவில் காதை வைத்தார்.

உள்ளே யாரோ கேள்வி கேட்டார்கள். மகள் பதில் சொன்னாள், சிரித்தாள். சவுண்டே இல்லாமல் இது எப்படி என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வெளியே வந்தவள், உடனே சேரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செய்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

மகள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க என்ன கமாண்ட் கொடுத்தாலும் அது செய்யாதுப்பா. செய்யற மாதிரி காட்டும், அவ்வளவுதான். திரை இருண்டுச்சே, அன்னிக்கே அப்படி மாத்தி வெச்சுட்டேன்."

"அப்போ அப்டேட் எல்லாம்?"

"நீங்க வாக்கிங் போறப்போ நான் பண்ணிடுவேன்."

"பேசாம பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருக்கலாமே."

"பூட்டிட்டா நீங்க எதைப்பா பார்த்துக்குவீங்க?"

மகள் அவர் தோளைத் தொட்டாள். ஆபீஸில் தனி லேப்டாப் தருவார்களாம். இனி இந்தக் கம்ப்யூட்டர் முழுக்க அவருக்குத்தானாம். "நிஜமாவே செய்யற மாதிரி மாத்திக் கொடுத்துடறேன்," என்றாள்.

அவர் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்.

"மாத்தாதேம்மா. இப்படியே இருந்தாத்தான் எனக்கும் வேலை இருக்கும், கம்ப்யூட்டரும் ஓடும்."