காய்ச்சலுக்கு மட்டும் துண்டு

உயர்தர வகுப்பு படித்துக்கொண்டே கௌசி, சனிக்கிழமைகளில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி உதவியாளர் வேலை பழகினாள். நாடி எண்ணுவது அவள் பொறுப்பு. மருந்துக்கார ஐயா ஓய்வுத் துண்டு எழுதிக் கொடுத்தால்தான் ஆள் லயத்து வீட்டில் படுக்கலாம். இல்லையென்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேரை வெட்டிவிடுவார்கள்; அன்றைய சம்பளம் போய்விடும்.

அன்று வரிசையில் மூன்றாவதாகக் கொழுந்து பறிக்கும் பேச்சாயி நின்றாள். வியாழக்கிழமை காய்ச்சலோடு வந்தவளை, இதெல்லாம் காய்ச்சலே இல்லை என்று ஐயா வேலைக்கு விரட்ட, மலையிலேயே விழுந்து செத்துப்போனாள். வெள்ளிக்கிழமை கௌசியும் வாய்க்கரிசி போட்டிருந்தாள்.

“நேத்து வேலைக்கு வரலேன்னு பேர வெட்டிட்டாங்க கண்ணு. துண்டு வாங்கிக் குடு.”

கௌசி அவள் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் முழுசாக நாடி எண்ணிப் பார்த்தாள்.

“நாடியே இல்லைங்க ஐயா.”

“காய்ச்சல் இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்ப மலைக்குப் போகச் சொல்லு.”

கௌசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐயா தரவேண்டிய பயிற்சிச் சான்றிதழ் போனால் போகட்டும் என்று துண்டுப் புத்தகத்தைப் பிடுங்கி, ஐயாவின் கண்ணெதிரே எழுதிக் கிழித்து நீட்டினாள்.

“எத்தன நாளு போட்டிருக்க?” என்றாள் பேச்சாயி.

“இனிமே நீங்க வரவே வேணாங்க்கா.”

பேச்சாயி துண்டைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

“மூணு நாள் போதும். கொழுந்து முத்திப்போச்சுன்னா கங்காணி ஏசுவாரு.”