குட்டை அடாப்டரின் அடம்

ஒரு கரண்ட் சாமான் கடையில் குட்டை அடாப்டர் ஒன்று இருந்தது. வெளிநாட்டுப் பிளக்கை நம் ஊர்ச் சுவரில் பொருந்தவைப்பதுதான் அதன் வேலை. அன்று, கப்பலில் வந்த மிக்சி ஒன்றின் பிளக்கை அதன் முதுகில் செருகினார்கள்.

"கிளம்புடா குட்டையா! கடைக்கு வந்தவங்களுக்கு நான் ஓடிக் காட்டணும்," என்றது மிக்சி.

"மாட்டேன். நான் பிளக்கோட காலைத்தான் மாத்துவேன், கரண்டை மாத்த மாட்டேன். உன் உடம்பு தாங்குறது நூத்திப்பத்து வோல்ட்டு. இந்தச் சுவத்துல வர்றது அதுக்கு ரெண்டு மடங்கு. கருகிப் போயிடுவே."

"மாட்டினா ஓடும்னு சொல்லித்தானே உன்னை விக்கிறாங்க? அடம்பிடிச்சா உனக்குக் குப்பைக்கூடைதான்."

"போடட்டுமே!"

வேலைக்குப் புதிதாக வந்த மெஹருன்னிசா அடாப்டரைச் சுவரில் வைத்து அழுத்தினாள். அதுவோ காலை விறைத்துக்கொண்டது. அவள் இன்னும் பலமாக அழுத்த, ஒரு கால் மடங்கி அது கீழே விழுந்தது. ஒயர் இழுத்த இழுப்பில் மிக்சி மேசைமேல் கவிழ்ந்தது. அதன் அடியில் எழுதியிருந்த வோல்ட்டைப் படித்ததும் அவள் பிளக்கை அடாப்டரிலிருந்து உருவிவிட்டாள்.

இப்போதெல்லாம் எந்தச் சாமானையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுகிறாள். அடாப்டர் குப்பைக்கூடையில்தான் கிடக்கிறது, மடங்காத காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு.