சுத்தமான கணினி

கல்லூரியின் ஒரே சர்வருக்குள் எங்கள் அறுபது பேருக்கும் ஆளுக்கொரு மெய்நிகர் கணினி. லேப்டாப் இல்லாத எனக்கு அதுதான் கணினி, இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான் கிடந்தது. வைவா தேர்வு அன்று காலையில் லேபில் உட்கார்ந்து அதைத் திறந்தால், முதல் நாள் கொடுத்தபடியே காலியாக இருந்தது.

"எக்ஸாமினர் வர்றாருல்ல, அதான் எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாக்கிட்டேன். வருஷா வருஷம் பண்றதுதானேம்மா," என்றார் லேப் பொறுப்பாளர் ஞானசெல்வம்.

"என்னோடது அதுலதான சார் இருந்துச்சு!"

"உன் லேப்டாப்ல காப்பி இருக்கும்ல?"

லேப்டாப் என்றால் இவருக்குச் சட்டை மாதிரி. எல்லோரும் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். மற்றவர்கள் பென்டிரைவில் கொண்டுவந்ததை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எக்ஸாமினர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பரவாயில்லையே, சுத்தமா வச்சிருக்க. எங்க, புராஜெக்டைத் திற பாப்போம்."