அசைந்தது வாய்தான்

கண்ணாடி இழைக் குழாய் கன்னத்தின் உட்புறத்தைத் தொட்ட மறுநொடியே அத்தை பேச ஆரம்பித்துவிட்டார்.

வாய்க்குள் குழாயை வைத்துக்கொண்டே! தையல் மிஷினை இரவல் வாங்கிப் போய் ஒரு வருஷமாகத் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி.

கல்லெறிந்த குளம் மாதிரி திரையில் படம் கலங்கியது.

"அத்தை, கொஞ்ச நேரம் அசையாம இருங்க," என்று கெஞ்சினார் எங்கள் இன்ஜினியர். அந்த அம்மாளின் மாப்பிள்ளை அவர். பரிசோதனைக்கு ஆரோக்கியமான வாய் ஒன்று வேண்டும், ஆளே கிடைக்கவில்லை என்று சொல்லி மாமியாரை லேபுக்கு அழைத்து வந்திருந்தார்.

"நான் எங்க மாப்பிள்ளை அசையறேன்? வாய்தானே அசையுது!"

குழாயைப் பிடித்திருந்த டாக்டரம்மா சிரித்துவிட்டார். படம் இன்னும் ஆடியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தைச் சுத்தம் செய்யும் புரோகிராம் என்னுடையது.

அந்தக் குழாய்க்குள் முடியைவிட மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. சதையை வெட்டாமலே உயிருள்ள செல்களைக் காட்டும். ஆனால் இழைக்கும் இழைக்கும் நடுவே இருட்டு. தேன்கூட்டின் வழியாக எட்டிப் பார்ப்பது மாதிரி. புற்றுநோயாக மாறத் தொடங்கும் செல் அந்த இருட்டில் ஒளிந்துகொண்டால் போச்சு.

அதனால்தான் வந்தவர்களையெல்லாம் சிலை மாதிரி உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் இருட்டு விலகவில்லை.

அத்தையோ தையல் மிஷினை விட்டுக் குடைக்குப் போய்விட்டார். அதையும் அவள்தான் வாங்கிப் போனாளாம்.

வேறு வழியில்லாமல், கலங்கிய படங்களையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தேன்.

தேன்கூட்டைக் காணோம்!

கன்னம் அசைய அசைய, ஒரு படத்தில் இருட்டில் கிடந்த இடம் அடுத்த படத்தில் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. இத்தனை நாளும் என்னைக் கெடுத்தவை அந்தச் சிலைகள்தான். வாயாடிகள் வாழ்க என்று கத்தாத குறை.

திரையில் செல்கள் ஒழுங்காகப் பாவிய தரைக்கல் போலத் தெரிந்தன. ஒரு மூலையில் மட்டும் கற்கள் பெயர்ந்து குவிந்து கிடந்தன.

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. குழாயை அதே இடத்தில் மறுபடி வைத்துப் பார்த்தார். ஒரு துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், கெட்டதாகவே இருந்தாலும் இது தொடக்கம்தான், சுலபமாக எடுத்துவிடலாம் என்று அத்தையின் தோளைத் தொட்டுச் சொன்னார்.

அத்தை தலையாட்டிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வீட்ல அத்தை உங்களைப் பேச விடுவாங்களா சார்?" என்று இன்ஜினியரிடம் கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வீட்ல வாயே திறக்கமாட்டாங்க. கொஞ்ச நாளா ஒரு பக்கமாவே மெல்றாங்க. கேட்டா ஒண்ணுமில்லைம்பாங்க, ஆஸ்பத்திரின்னா வரமாட்டாங்க. அதான் ஆள் கிடைக்கலைன்னு பொய் சொன்னேன்."

தண்ணீர் எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். பேசாமல் உட்கார்ந்திருந்தார். குடை திரும்ப வந்ததா என்று கேட்டேன்.

"எந்தக் குடை?" என்றார். அப்புறம் மெல்லச் சிரித்தார். "பயம் வந்தாத்தான் கண்ணு எனக்குப் பேச்சு வரும். இப்பதான் தெரிஞ்சுபோச்சே."