டீக்கடை இல்லாத ஆபீசு

“அவனுக்குன்னு அங்கன ஒரு மேசை நாற்காலி உண்டா, இல்லையா? அத மொதல்ல சொல்லுப்பா.”

ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மரிய ஜோசப் இப்படிக் கேட்டதும், செல்வமணி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். சென்னை ஏர்போர்ட் லவுஞ்சில் சாப்பாடு பரிமாறுகிறவன் அவன். நாலு நாள் லீவில் ஊருக்கு வந்தவனை, ராயப்பன்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து மடக்கிப் பிடித்திருந்தார் பெரியவர். கையில் மாப்பிள்ளை ரெக்ஸின் போட்டோ.

“லவுஞ்சுன்னா ஆபீசு இல்லய்யா. பிளேனுக்குக் காத்திருக்கிறவுக உக்கார்ற ரூம்பு. சோபா கெடக்கும். யாரு வேணா எங்கன வேணா உக்காரலாம்.”

“அப்ப இவன் எதுல வச்சு வேலை பாக்குறான்?”

“மடியில வச்சுத்தேன். லேப்டாப்பு.”

மரிய ஜோசப்புக்கு அது பிடிக்கவில்லை. மாப்பிள்ளை விசாரிப்பதற்கு அவரிடம் ஒரு வழி உண்டு. ஆபீசுக்கு எதிர்த்தாற்போல் இருக்கிற டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார வேண்டியது. குடிப்பானா, சீட்டாடுவானா, யாரோடு சுற்றுகிறான், எல்லா வண்டவாளமும் தன்னால் வெளியே வந்துவிடும். இந்த ரெக்ஸோ இன்றைக்குச் சென்னை என்கிறான், நாளைக்கு டெல்லி என்கிறான். போகிற வழியில் ஏர்போர்ட்டில் உட்கார்ந்தே கம்பெனி வேலையை முடித்து அனுப்பிவிடுகிறானாம். ஏர்போர்ட்டுக்கு எதிரே எந்த டீக்கடையில் போய்க் கேட்பது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ரெக்ஸுக்கும் மெர்லினுக்கும் முதல் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். ஊரறியக் கல்யாணத்தைச் சொன்ன பிறகு பின்வாங்க முடியாது. ஒரு சின்னக் கோளாறு தட்டுப்பட்டாலும், நேராகச் சாமியாரிடம் போய் ஓலையை நிறுத்திவிடுவது என்ற முடிவோடுதான் பஸ் ஏறியிருந்தார்.

“சாப்பாடு?”

“ஓசிதேன். இட்லி, பொங்கல், கேக்கு, எல்லாம் இருக்கும்.”

“ஓசிச் சோறு போட்டு சோபாவுல உக்கார வச்சு வேலை பாக்கச் சொல்ற எடம் ஒலகத்துல உண்டாப்பா? என்னையக் கேணப்பயன்னு நெனச்சியா?”

“தட்டுல போடுறதே நாந்தேன்யா!”

“சரி. வேற என்ன ஓசி?”

செல்வமணி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “சரக்கும் உண்டு. ஃபாரின்.”

“அப்படி வா வழிக்கு. குடிப்பானா?”

“குடிச்சு நான் பாத்ததில்ல. ஆனா வந்ததும் நேரா அந்தக் கவுண்டர் பக்கந்தேன் போவாக. மூணு மணி நேரம், நாலு மணி நேரம் அங்கனயே உக்காந்திருப்பாக.”

பெரியவர் போட்டோவைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்துவிட்டார். “போதும்ப்பா. இதுக்கு மேல என்னத்தக் கேக்க?”

“அட, உக்காருங்கய்யா! லேப்டாப்புக்குச் சார்ஜ் போடுற பிளக்கு அங்கனதேன் சும்மா கெடக்கும். குடிக்க வர்றவுகளுக்குக் கரண்டு எதுக்கு? இவுகளுக்கு நான் குடுக்கிறது வெறும் மோரு.”

உட்கார்ந்தார். பாதிதான் நம்பினார்.

“போன்ல பொம்பளப் பிள்ளைககிட்டக் குழைவானா?”

“நல்லாக் கேட்டீக! இவுக வர்ற நாளெல்லாம் சாயங்காலம் ஒரு போன் வரும். வந்ததும் எந்திரிச்சு நின்னுக்குவாக. ‘ஏர்போர்ட்டுலதேன் இருக்கேன், சத்தியமா’ம்பாக. அந்தப் பக்கத்து ஆளு நம்பாது போல. மைக்குல பிளேனு பேரு சொல்றப்ப போனை ஒசரத் தூக்கிப் பிடிச்சு, ‘கேக்குதா, கேக்குதா’ம்பாக. நாங்க ஒளிஞ்சு நின்னு சிரிப்போம். யாரோ பொல்லாத மேனேஜரு.”

மரிய ஜோசப்புக்கு டீ புரையேறியது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இருக்கும், இருக்கும். வேலை நெசமாப் பாக்குறானா, அதச் சொல்லு.”

“போன மாசம் பிளேனையே விட்டுட்டாகய்யா. மூணு தடவ பேரு சொல்லிக் கூப்பிட்டாக. எங்கிட்டோ ஒரு கம்பெனியில கம்ப்யூட்டரு நின்னுபோச்சாம். அத ஓட விட்டுட்டுத்தேன் தலையத் தூக்குனாக. ‘சார், பிளேன் போயிருச்சு’ன்னேன். ‘போகட்டும் செல்வமணி, வேலை முடிஞ்சிருச்சு’ன்னுட்டு, சாப்பிட்ட தட்டத் தானே கொண்டாந்து வச்சாக.”

“தட்டையா? அவனா?”

“அவுகதேன்.”

தேனி பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அதில் பெரியவர் ஏறவில்லை.

“மெர்லின் தங்கமான பிள்ளப்பா. டீச்சர் வேலை பாக்குது. நாளப்பின்ன அது கண்ணக் கசக்கிக்கிட்டு நின்னா, ஆண்டவருக்கு நாந்தேன் பதில் சொல்லணும். அதேன் இம்புட்டும் கேட்டேன்.”

“தைரியமாப் பொண்ணக் குடுங்கய்யா. இப்படி ஒரு மாப்பிள்ளை லேசுல அமையாது. ஆனா ஒண்ணு, ஒங்கள மாதிரித் துருவித் துருவிக் கேக்குற பொண்ணோட அப்பாவ நான் பாத்ததேயில்ல.”

மரிய ஜோசப் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“பொண்ணோட அப்பன் வெள்ளந்தி மனுசன்ப்பா, பாத்த அன்னைக்கே நம்பிட்டாரு. நம்பாதவன் நாந்தேன். ரெக்ஸு எம்மகன்.”