புள்ளி நாலு

"அக்கா, என் கணக்கு தப்பா இருந்தா இன்னா பண்றது?"

"கண்டுபுடிக்கத்தான நான் நிக்கிறேன். போடு," என்றாள் சீனியர் நர்ஸ் அமலா.

செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் மரியசெல்வி நர்ஸாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதிரே கட்டிலில் ஒரு பெண் குழந்தை, காய்ச்சலில் வலிப்பு கண்டு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வல்லத்திலிருந்து ஆட்டோவில் தூக்கி வந்தவர்கள் வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார்கள்.

திண்டிவனத்திலிருந்து அன்றைக்கு மட்டும் வந்திருந்த டாக்டர், குழந்தையின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை அழுத்திப் பிடித்திருந்தார். "கிலோவுக்குப் புள்ளி ரெண்டு மில்லிகிராம். ஊசியில எவ்ளோ ஏத்தணும்னு ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டுப் பாருங்க. சீக்கிரம்!"

குழந்தை பத்து கிலோ. மரியசெல்வி உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதினாள். அப்படியென்றால் இரண்டு மில்லிகிராம் மருந்து வேண்டும். குப்பியில் இருப்பது பத்து மில்லிகிராம். இரண்டைப் பத்தால் வகுத்தாள்.

"புள்ளி ரெண்டு மில்லிக்கா."

"குப்பியைத் திருப்பிப் படி. அந்தப் பத்து மில்லிகிராம் எத்தினி மில்லியில இருக்குது?"

"ரெண்டு... ரெண்டு மில்லியில." அவளுக்கு வேர்த்துவிட்டது. ஒரு மில்லியில் ஐந்துதான். பாதி மருந்துதான் போயிருக்கும். வலிப்பு நின்றிருக்காது.

"எனக்கு நாலு மில்லி வருது. ஏத்து."

மரியசெல்வி சிரிஞ்சை எடுத்தாள். கை அப்படியே நின்றது. நாலு மில்லி என்றால் இருபது மில்லிகிராம் ஆயிற்றே! முழுசாக இரண்டு குப்பி, இத்தனை சின்ன உடம்புக்கா? இத்தனை வருஷமாக இதே வேலையில் இருக்கிற அமலா அக்காவா தப்பாகப் போடுவாள்? சொன்னால் கோபித்துக்கொள்வாளோ?

குழந்தையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா... புள்ளியை விட்டுட்டீங்க. புள்ளி நாலுதான். நாலு போட்டா மூச்சே நின்னுடும்கா."

முகக்கவசத்துக்கு மேலே அமலாவின் கண்கள் நிலைகுத்தின. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா. என் மேலதான் தப்பு. மொதல்லேர்ந்து ரெண்டு பேரும் சேந்து போடலாம். வாய்விட்டுச் சொல்லு."

ஒவ்வொரு வரியாகச் சொல்லிச் சொல்லிப் போட்டார்கள். புள்ளி நாலு. டாக்டரும் தலையசைத்தார்.

"நீங்களே போடுங்கக்கா. எனக்கு பயமா இருக்குது."

"என்னால முடியாது. நீ போடு."

மரியசெல்வி மருந்தை மெதுவாக நரம்பில் ஏற்றினாள். வலிப்பு நின்றபாடில்லை. போச்சு, இன்னமும் எதையோ தப்பாகப் போட்டுவிட்டோம் என்று குப்பியில் எழுதியிருந்ததை மறுபடி படித்தாள். பிறகு முறுக்கிக்கொண்டிருந்த பிஞ்சுக் கை தளர்ந்தது. கால் தளர்ந்தது. மூச்சு சீராக வந்தது.

"இனி பயமில்ல. தாயைக் கூப்புடும்மா," என்றார் டாக்டர்.

மரியசெல்வி கதவருகே போய் வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பாப்பாவோட அம்மா யாரு? உள்ள வாங்க!"

"இங்கதான் இருக்கேன் மரியா," என்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்ன அமலா, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, கட்டிலோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.